வைஸ் போட்டிருந்த சட்டைகள்

இன்று காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரச் சாய்ப்பில் இருந்தவர்கள்: நாகரத்தினம் என்கிற நான், என் மகன் பிரபாகரன், மருமகள் மஞ்சுளா, போத்தனூரிலிருந்து வந்திருக்கும் ஜோதிலிங்கம், அவரைக் கூட்டிக்கொண்டு வந்த கிட்டுசாமி. மொத்தம் ஐந்து பேர். என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி போய் ஒன்பது வருஷம் முடிந்துவிட்டதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனாலும் ஐந்து பேரும் அவருடைய வைஸைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், மர மேஜை ஓரத்தில் நாலு போல்ட் போட்டு இறுக்கின வைஸ், இரண்டு தாடைக்கு நடுவில் இரும்பைக் கொடுத்துக் கைப்பிடியைத் திருகினால் கடித்துப் பிடித்துக்கொள்ளும், நாமாகத் திருப்பித் திருகினால் ஒழிய விடாது. ஜோதிலிங்கம் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய வைஸ்களைத் தேடிச் சேர்க்கிறவர், பார்த்தே யார் செய்தது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவாராம். வந்ததும் மஞ்சுளா நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை, கை கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார், இரும்பைத் தொட்ட பிறகு கை கழுவுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், தொடுவதற்கு முன்னால் கழுவுகிற ஆள் இவர்தான், அதனால் இவர் ஏமாறமாட்டார் என்று தோன்றியது, தோன்றியதும் பயமாக இருந்தது. அவர் வீட்டு மாடியில் அறுபத்திரண்டு வைஸ் இருக்கிறதாம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை, அட்டையில் நாலு வரி. செய்தவர் யார். எந்த வருஷம். யாரிடம் இருந்தது. அவருக்கு எப்படி வந்தது. நாலாவது வரியை அவர் சொன்னபோது நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிரபாகரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு, அப்பா பேர் அட்டையில் வரும் என்று. "அறுபத்திமூணாவது எங்கப்பாவோடதாம்மா, பேரு போட்டு வெப்பாங்க, பள்ளிக்கூடத்துப் பசங்கெல்லாம் வந்து பாப்பாங்களாம்" என்றான். வரட்டும், பார்க்கட்டும், எப்படி வந்தது என்ற வரிக்கு நேராக என்ன எழுதுவார்கள், அதைத்தான் நான் நாற்பத்தோரு வருஷமாகக் கேட்காமல் இருக்கிறேன், கட்டின மனுஷனிடமே கேட்காததை ஒரு அட்டை இன்றைக்குக் கேட்கிறது, பக்கத்தில் கிட்டுசாமி வேறு நிற்கிறார், மில் ஒர்க்‌ஷாப்பில் என் வீட்டுக்காரரோடு ஒரே வரிசையில் பிட்டராக நின்றவர், எழுபத்தெட்டு வயதுக்கு இன்னும் கண்ணாடி போடாதவர்.

எண்பத்துநாலாம் வருஷம், ஆடி பதினேழு. மறுநாள் ஆடிப் பதினெட்டுக்கு நான் தட்டைப்பயறு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன், சாயங்காலம் ஐந்தே முக்கால், என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறி வராமல் தள்ளிக்கொண்டு வந்தார், கேரியரில் சாக்கு சுற்றிக் கயிறு போட்ட ஒன்று, பின் டயர் அழுங்கியிருந்தது. ஏதுங்க இது என்றேன். "கணபதியில ஊத்தி வாங்குனது" என்றார். மூன்று வார்த்தை, கணபதிப் பக்கம் இரும்பை உருக்கி ஊற்றுகிற பவுண்டரிகள் இருந்தன. அவர் எப்போதுமே மூன்று நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லை, நானும் இல்லை, எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை செலவானால் அதிகம், ஆனால் அன்றைக்கு அந்த மூன்று போதவில்லை. சாக்கைப் பிரித்ததும் முன்பக்கம் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நங்கூரம், கீழே இங்கிலீஷ் எழுத்து இரண்டு வரி புடைப்பாக இருந்தது. அதே நங்கூரத்தை நான் பார்த்திருக்கிறேன். நான் அதே மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் இருந்தேன், சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க ஒர்க்‌ஷாப் வாசல் வரை போவேன், உள்ளே வரிசையாகப் பதினாலு வைஸ், பதினாலும் சீமை வைஸ் என்று சொல்லுவார்கள், பதினாலிலும் நங்கூரம். நான் ஐந்தாவது வரை படித்தவள், இங்கிலீஷில் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும், கடைசி வார்த்தை ஏழு எழுத்து, ஈ-யில் ஆரம்பித்து டி-யில் முடிந்தது, அதைப் பயறு அளக்கிற ஆழாக்கின் அடியில் ஆணியால் கீறி வைத்துக்கொண்டேன், பிரபாகரன் ஆறாவது போனபோது அவன் பூகோளப் படப் புத்தகத்தில் ஒரு தீவின் மேல் அதே ஏழு எழுத்தைப் பார்த்தேன், இதென்னடா கண்ணு என்றேன், இங்கிலாந்தும்மா என்றான். கணபதியில் ஊற்றினதில் இங்கிலாந்து என்று எப்படி வரும். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் சொன்ன ஒரே பொய், அதையும் மூன்று வார்த்தையில் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு முன்பே வைண்டிங்கில் பேச்சு வந்துவிட்டது, ஒர்க்‌ஷாப்பில் ஒரு வைஸ் காணோம், பதின்மூன்றுதான் இருக்கிறது, போர்மேன் ஒவ்வொருத்தராக நிறுத்திக் கேட்கிறாராம் என்று. பேச்சு ஆரம்பித்தது ஆடி ஆறு. பேச்சு நின்றது ஆடி பதினாறு. கிடைத்ததால் நின்றதா, கிடைக்காமலே நின்றதா, நான் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் இவள் ஏன் கேட்கிறாள் என்று வருமே. வைஸ் வீட்டுக்கு வந்தது ஆடி பதினேழு. ஆறு, பதினாறு, பதினேழு. பத்து நாள் எங்கேயோ ஒளித்து வைத்து, பேச்சு அடங்கின மறுநாள் கொண்டுவந்திருக்கிறார், குழந்தைக்கும் புரிகிற கணக்கு, நான் நூல் கோன் எண்ணுகிற வேலையில் இருந்தவள், ஒரு ஷிப்ட்டில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுவேன், எனக்கா புரியாது.

தின்னர் வாசனை வருகிறது, ஜோதிலிங்கம் பஞ்சில் தொட்டுத் தொட்டு முன்பக்கத்தில் வைக்கிறார், அடைந்து கிடக்கிற பெயிண்ட் புண்ணின் பொருக்கு மாதிரி எழும்புகிறது, மூங்கில் குச்சியால் நெம்புகிறார், இரும்புக் கத்தி போடமாட்டாராம், எழுத்துக்கு வலிக்கும் என்கிறார். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு மூன்று நாள் முன்னால் என் வீட்டுக்காரர் இதற்குப் பெயிண்ட் அடிப்பார், கையில் எந்த நிறம் கிடைக்கிறதோ அது, பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பார், நங்கூரம் ஐந்தாறு வருஷத்தில் மழுங்கிப்போனது, பத்து வருஷத்தில் எழுத்து மூடிப்போனது, மூடிப்போனபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, மறைக்கத்தான் அடிக்கிறாரோ என்று ஒரு எண்ணமும் வந்தது, இரண்டும் ஒரே சமயம். "எத்தன பெயிண்ட்டுடா சாமி" என்றார் கிட்டுசாமி, "ஆறு இதக் கல்யாணப் பொண்ணாட்டமல்ல வெச்சிருந்திருக்கான்." மஞ்சுளா விடுவாளா, "எனக்குக் கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து மாமா ஒரு தீபாவளிக்குத்தான் சேல எடுத்துக் குடுத்தாருங்க, இதுக்குப் பாருங்க, வருஷத்துக்கொரு சட்ட" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டேன். அப்போது நங்கூரம் வந்துவிட்டது. முதலில் அதன் வளைந்த கொக்கி, பிறகு நடுத்தண்டு, பிறகு வட்டம், மூடினவரே திறக்கிற மாதிரி மெதுவாக. ஜோதிலிங்கம் மூக்கைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். "ஹார்ட்வின்" என்று படித்தார், "ஹார்ட்வின், இங்கிலாந்து. அடேங்கப்பா. இதெல்லாம் ஐம்பதுக்கு முந்தி வந்ததுங்க, எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குது, இது ரெண்டாவதா கண்ணுல படறது." பிரபாகரன் கைதட்டினான், நாற்பத்தேழு வயதில் கைதட்டினான். கிட்டுசாமி கைதட்டவில்லை. "ஏனுங் வாத்தியாரே" என்றார், "எங்க மில்லு ஒர்க்‌ஷாப்புல இதே வைஸுதானுங்களே இருந்துச்சு. அச்சு அசல் இதே நங்கூரம்." காதுக்குள் தறி ஓடுகிற சத்தம் கேட்டது எனக்கு, நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. கிட்டுசாமி என்னைப் பார்த்தாரா, பார்த்தார், சாதாரணமாகத்தான் பார்த்தார், அடுத்த வார்த்தை என்ன வரும், மில்லில் ஒன்று காணாமல் போனதே அம்மிணி என்று வருமா, வந்தால் பிரபாகரன் முகத்தில் இப்போது இருக்கிற சிரிப்பு எங்கே போகும், அப்பா மாதிரி உண்டா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவன். தண்ணீர் கொண்டுவரட்டுங்களா என்றேன். யாருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

நான் கண்டித்துச் சொன்னவள் இல்லை, அழுதவளும் இல்லை, சண்டை போடத் தெரியாது, ஒன்றே ஒன்றுதான் செய்தேன். ஆயுதபூஜைக்கு இந்த மேஜை மேல் அவருடைய சாமான் பதினொன்றையும் துடைத்து வரிசையாக வைப்பார், நான் சந்தனம் குழைத்துக் குங்குமம் எடுத்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வருவேன், சுத்தியல், அரம் மூன்று, உளி இரண்டு, ஹாக்ஸா பிளேடு பிரேம், ஸ்பேனர் செட், துளை போடுகிற மிஷின், பத்தாவது அவருடைய சைக்கிள் பம்பு. பத்தோடு நின்றுவிடுவேன். வைஸுக்கு வைக்கமாட்டேன். முதல் வருஷம் நான் குங்குமச் சிமிழை மூடினபோது அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார், பிறகு சிமிழை அவரே எடுத்துத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, வைஸுக்கு அவரே வைத்தார். இரண்டாவது வருஷம் காத்திருக்கவில்லை. நான் பத்தை முடித்து நகர்ந்ததும் அவர் வந்து பதினொன்றாவதை வைப்பார், ஏதோ வீட்டு வழக்கம் மாதிரி, என் வேலை பத்து, அவர் வேலை ஒன்று. ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்து கேட்காமல் இருந்தாரா, தெரியாமல் கேட்காமல் இருந்தாரா. தெரிந்திருந்தால், நான் அவரைத் திருடன் என்று நினைக்கிறேன் என்பது தெரிந்து, பொட்டு வைக்காத அந்தக் கையால் தினமும் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறார், இதை நினைக்கிறபோதெல்லாம் நான் வேறு எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன், சாய்ப்பின் தகரத்தில் எத்தனை மடிப்பு, ஜன்னலில் எத்தனை கம்பி, இப்போதும் எண்ணினேன், கம்பி ஆறு. ஆறு என்றுதான் கிட்டுசாமி அவரைக் கூப்பிடுவார், எதை எண்ணினாலும் அவரிடமே போய் நிற்கிறது.

ஜோதிலிங்கம் பையிலிருந்து அளவு பார்க்கிற காலிப்பரை எடுத்தார். கைப்பிடித் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி உதட்டைப் பிதுக்கினார், பிறகு தாடையின் பின்பக்கம் அளந்தார், நோட்டில் எழுதினார், மறுபடி அளந்தார், செல்போனில் எதையோ பெரிதாக்கிப் பார்த்தார், மூன்றாவது தடவை அளந்தார். மூன்று தடவை அளக்கிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும், இந்தப் பயத்திலும் வந்தது. "என்னங்க சார்" என்றான் பிரபாகரன். "எங்கிட்ட இருக்கற ஹார்ட்வினவிட ஒண்ணர மில்லிமீட்டர் கொறையுதுங்க" என்றார். "தேஞ்சிருக்குங்க சார், அப்பா அவ்வளவு வேல செஞ்சாரு." "தேயற எடம் இல்லீங்க இது, ஒடம்பு. ஒடம்பு எங்க தொட்டாலும் கொறையுது, ஒரே கணக்கா நூத்துக்கு ஒண்ணு கொறையுது. எழுத்தும் பாருங்க, வெளிம்பு கூர் இல்ல, வெந்து ஆறின மெழுகாட்டம் இருக்குது." பிறகு துக்க வீட்டில் சொல்கிற குரலில் சொன்னார், "இது ஹார்ட்வின் இல்லீங்க. ஹார்ட்வின் வைஸையே மண்ணுல பதிச்சு அச்செடுத்து, அதுல இரும்ப ஊத்தியிருக்காங்க. உருகின இரும்பு ஆறினா சுருங்குமுங்க. முறையா மரத்துல மாதிரி செய்யறவங்க அந்தச் சுருக்கத்துக்குச் சேத்து கொஞ்சம் பெருசாச் செய்வாங்க. சாமானையே வெச்சு அச்செடுத்தா வர்றது அதவிடச் சின்னதாத்தான் வரும். நங்கூரம், பேரு, இங்கிலாந்து எல்லாம் அப்படியே பதிஞ்சு வந்துரும், அளவு மட்டும் காட்டிக் குடுத்துரும். இது நம்மூருல ஊத்தினது. திருகு லேத்துல தனியாக் கடஞ்சு போட்டிருக்குது. கணபதிப் பக்கம் அந்தக் காலத்துல இப்படி நெறைய செஞ்சாங்க."

கணபதி. நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். இவர் யார், போத்தனூர்க்காரர், என் வீட்டுக்காரரைக் கண்ணால் பார்க்காதவர், அவர் வாயிலிருந்து அந்த ஊர் வருகிறது. பிரபாகரன் முகம் தொங்கிவிட்டது, "அப்போ டூப்ளிகேட்டுங்களா" என்றான், மஞ்சுளா அவன் முதுகில் கை வைத்தாள், கிட்டுசாமி "த்சொ" என்றார், ஜோதிலிங்கம் காலிப்பரைத் துணியில் துடைத்துத் துடைத்து உறையில் போடுகிறார், நாலு பேரும் எதையோ பறிகொடுத்த மாதிரி நிற்கிறார்கள், நான் ஒருத்தி மட்டும் சிரிப்பு வந்துவிடாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். டூப்ளிகேட். இவ்வளவு நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை. கணபதியில் ஊத்தி வாங்குனது. பொய் இல்லை, மூன்று வார்த்தையும் மெய், ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆறு, பதினாறு, பதினேழு, அதே மூன்று தேதி, இப்போது வேறு மாதிரி நிற்கின்றன, ஆடி ஆறாம் தேதி மில் வைஸ் ஒன்று அச்செடுக்க வெளியே போனது, பதினாறாம் தேதி திரும்பி வந்துவிட்டது, அதனால் பேச்சு நின்றது, மறுநாள் ஊற்றினது வீட்டுக்கு வந்தது. எண் மாறவில்லை, விடைதான் மாறியிருக்கிறது, கூட்டவேண்டிய இடத்தில் நான் கழித்திருக்கிறேன். கேட்காமல் பத்து நாள் எடுத்துப்போனது தப்பில்லையா என்றால் தப்புதான், எடுத்துப்போனது இவரா, அந்தப் பவுண்டரிக்காரருக்கு வேண்டிய வேறு யாரோவா என்பதும் தெரியாது, ஆனால் திரும்பி வந்தது. வந்ததா. அந்த இடத்தில் மனசு மறுபடி மாட்டிக்கொண்டது, கொக்கியில் சேலை மாட்டுகிற மாதிரி. அதற்குத் தகுந்தாற்போலக் கிட்டுசாமி, சும்மா இருக்க மாட்டாத மனுஷன், "அப்படிப் பாத்தா எங்க மில்லுல இருந்த பதினாலும் சீமையோ, கணபதியோ, ஆரு கண்டா, எவன் அளந்து பாத்தான், மொதலாளியே ஏமாந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு முடிகிற வரைக்கும்தான் எனக்கு நிம்மதி இருந்தது. பதினாலும் கணபதி என்றால் இது பதினைந்தாவது இல்லை, பதினாலில் ஒன்றாகவும் இருக்கலாம். அளவு ஊரைத்தான் சொன்னது, வீட்டைச் சொல்லவில்லை.

டம்ளரைக் கழுவப் போகிற மாதிரி நகர்ந்தேன், போகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று இவர்கள் யாருக்கும் தெரியாது. மில் ஒர்க்‌ஷாப்பிலும் ஆயுதபூஜைக்கு முன்னால் எல்லாச் சாமானுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள், நங்கூரமும் எழுத்தும் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, வருஷம் தவறாமல், ஒரே பச்சை, கருவேப்பிலைப் பச்சை, மில் கதவும் அதுதான், மில் வேனும் அதுதான். இது மில்லுடையது என்றால் இவர் அடித்ததற்குக் கீழே அந்தப் பச்சை இருக்கும், ஒன்றல்ல, வரிசையாக இருக்கும். தேய்த்தால் தெரிந்துவிடும். தேய்க்கச் சொல்லாமல் இருந்தால் தெரியாமலே போகும், பாதி நிம்மதியோடு மிச்ச நாளை ஓட்டிவிடலாம், எனக்கு எழுபத்திரண்டு, எவ்வளவு நாள் ஓட்டவேண்டியிருக்கப் போகிறது, பாதி போதாதா. போதாது. பாதியில் நிறுத்தின கணக்கு எனக்குத் தூக்கம் தராது. வாய் திறந்தேன். "ஒரு சின்ன எடத்துல தேச்சு, எத்தன பூச்சு இருக்குதுன்னு பாத்தா வருஷம் தெரியுமுங்களா?" நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். "தெரியாம என்னங்கம்மா" என்றார் ஜோதிலிங்கம், அவர் குரலில் உயிர் வந்துவிட்டது, "மரத்த வெட்டி வளையம் எண்றாப்பல எண்ணலாம். ஆனா வருஷா வருஷம் தவறாம அடிச்சிருக்கோணும்." "தவறாம அடிச்சாருங்க" என்றேன். "எண்பத்துநாலு மொதக்கொண்டு ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வரைக்கும் முப்பத்திரண்டு பூஜ. எங்க மாமனார் தவறினது தொண்ணூத்தி ஒண்ணு, அந்த வருஷம் பண்டிகை இல்ல. மாமியார் ரெண்டாயிரத்து மூணு, அப்பவும் இல்ல. ரெண்டு போச்சுங்க. முப்பது இருக்கோணும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது, இனிமேல் எண்ணை மாற்ற முடியாது. "அம்மா எப்பம்மா இதெல்லாம் எண்ணுன" என்றான் பிரபாகரன். "உங்கம்மா நம்ம கல்யாணப் பந்தியில எத்தன எலைன்னே சொல்லுவாங்க" என்றாள் மஞ்சுளா. முந்நூற்றுப் பதினாறு. சொல்லவில்லை.

பின்பக்கம் தட்டையான இடத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார், நடுவில் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை, ஓரம் போகப் போகச் சரிவாக, துடைத்தபோது வெட்டின வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக வந்தது. மஞ்சுளா "ஐயோ, எவ்வளவு அழகா இருக்குது" என்றாள். ஜோதிலிங்கம் பூதக்கண்ணாடியை வைத்து வெளி வளையத்திலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனார், ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, நிறத்தைச் சொல்லி. ஒன்று வெள்ளி. அது கடைசி வருஷம், இருமிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து அடித்தார், பிரஷ்ஷை இரண்டு தடவை கீழே போட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வெள்ளி, மூன்று மெரூன், மஞ்சுளா இந்த வீட்டுக்கு வந்த பிறகு பீரோவுக்கு அடித்த மிச்சம். ஏழு ஆகாச நீலம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. பதினொன்று மஞ்சள், ஐயோ அந்த மஞ்சள், ஆட்டோக்காரர் ஒருத்தர் கொடுத்தது, வைஸ் பூசணிப் பழம் மாதிரி இருந்தது, அந்த வருஷம் நானே சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பத்துக்குப் பொட்டு வைத்தேன், பதினொன்றாவதுக்கு வைக்கவில்லை, சிரித்துக்கொண்டேகூட வைக்கவில்லை, என்ன மனசு எனக்கு. பதினெட்டு. பத்தொன்பது. எண்ணிக்கை முப்பதில் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டேனே, நிற்காமல் ஓடினால், நாற்பது ஐம்பது என்று பச்சையாகப் போய்க்கொண்டே இருந்தால், நானே தேய்க்கச் சொல்லி நானே என் மகன் முன்னால் அவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். இருபத்து நாலு கருப்பு. இருபத்தைந்து கருப்பு. இருபத்தாறு சாம்பல். "இருபத்தேழு பச்ச" என்றார். "என்ன பச்சைங்க" என்றேன், என் குரல்தானா அது. "கரும்பச்ச. கருவேப்பில நெறம்." கிட்டுசாமி குனிந்தார், "மில்லுப் பச்ச" என்றார். இனிமேல் கீழே எல்லாம் அதுதான், வந்துவிட்டது, இருபத்தேழு, வெளியிலிருந்து இருபத்தேழு என்றால் முதலிலிருந்து நாலாவது, எண்பத்தேழு, எண்பத்தேழில் என்ன, யோசி, எண்பத்தேழு, பிரபாகரனுக்கு அம்மை போட்ட வருஷம், மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டோம், கோயில் கேட்டுக்கு இவர்தான் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், கேட்டு பச்சை, கரும்பச்சை, டப்பாவின் அடியில் மிச்சம் இருந்ததை இதற்கு அடித்தார், வேப்பிலை வாசத்தோடு அந்த டப்பா ஒரு மாசம் இந்த மேஜைக்குக் கீழே கிடந்தது. அப்படியென்றால் அடுத்தது பச்சையாக இருக்கக்கூடாது. அடுத்ததைச் சொல்லுங்கள். ஏன் துடைக்கிறீர்கள், சொல்லுங்கள். "இருபத்தெட்டு" என்றார், ஊசியை வைத்துக்கொண்டு, "நீலமுங்க." மூச்சு வந்தது. "இருபத்தொம்போது, அதுவும் நீலம். முப்பது சாம்பல்."

சாம்பல்தான். எண்பத்துநாலு சாம்பல், வீட்டு மீட்டர் பெட்டிக்கு அடித்தது, எனக்குத் தெரியும், அவர் அதை அடிக்கும்போது நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன், இனி இந்த ஆளோடு எப்படிப் பேசுவது என்று நினைத்துக்கொண்டு. முப்பதோடு பச்சை ஒன்றே ஒன்று. அது அம்மனுடையது. மில்லுடையது எதுவும் இதில் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, இடுப்பிலிருந்து ஒரு குடத்தை இறக்கி வைத்த பிறகு இடுப்பு அந்தக் குடத்தையே தேடுமே, அப்படி இருந்தது. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே இந்த அச்சு, மண், சுருக்கம் எல்லாம் சொல்லியிருப்பார், அல்லது மூன்று வார்த்தையை ஐந்து வார்த்தையாக்கியிருப்பார், அதுவே போதுமாக இருந்திருக்கும், முப்பது பூஜை வீணாகப் போயிருக்காது. ஆனால் இன்றைக்கு அதற்காக அழமாட்டேன், நாளைக்கு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு வெயில் தகரத்தில் சுள்ளென்று அடிக்கிறது, தின்னர் வாசனையில் தலை லேசாக இருக்கிறது, என் வீட்டுக்காரர் திருடினவர் இல்லை. "கிட்டுசாமியண்ணா" என்றேன், "மில்லுல ஒரு ஆடியில ஒண்ணு காணாமப் போச்சுன்னாங்களே." அவர் தலையைச் சொறிந்தார். "அதா? அது வந்துருச்சே அம்மிணி. ஒருநாள் காலையில வந்து பாத்தா பதினாலும் இருந்துச்சு, போர்மேன் ஒண்ணுமே நடக்காத மாதிரி சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டான். ஆரு எடுத்துட்டுப் போனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்று சொல்லி, வைஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் ஓரத்தில் ஒரு குறும்பு வந்தது, "இன்னிக்கு வரைக்கும்தான்" என்றார். பிரபாகரன் புரியாமல் முழித்தான். நான் கிட்டுசாமியை முறைத்தேன், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவில்லை.

ஜோதிலிங்கம் நோட்டை மேஜை மேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். "இதையும் எடுத்துக்கறேனுங்க, வெச்சுக்கலாமா? சீமைச் சாமான் எல்லாருகிட்டயும் இருக்கும், வயசு இத்தன சுத்தமாத் தெரிஞ்ச வைஸு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றார். பிரபாகரன் முகம் மெதுவாகத் திரும்ப மேலே வந்தது. செய்தவர்: கணபதி, கோயமுத்தூர், பவுண்டரி பெயர் தெரியவில்லை. வருஷம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலு. யாரிடம் இருந்தது: கே. ஆறுச்சாமி, பிட்டர், சிங்காநல்லூர். நாலாவது வரிக்கு வந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார், "எப்படி வந்ததுன்னு போடட்டுங்கம்மா?" என்றார். "கணபதியில ஊத்தி வாங்குனதுங்க" என்றேன். மூன்று வார்த்தைதான், 'ங்க' மட்டும் நான் சேர்த்தது. அப்படியே எழுதினார். எழுதி முடித்து, பூதக்கண்ணாடியை எடுத்து இன்னொரு தடவை அந்த வளையங்களைப் பார்த்தார், அளந்ததை மூன்று தடவை அளக்கிறவர் அல்லவா, பார்த்துவிட்டு, "அம்மா, ஒண்ணு கூட வருதுங்களே" என்றார், "சாம்பலுக்குக் கீழ நூலாட்டம் இன்னொண்ணு. முப்பத்தொண்ணு." நான் எழுந்து போனேன், இந்தத் தடவை நிலையையோ மேஜையையோ பிடிக்கவில்லை. கண்ணாடியை வாங்கி நானே பார்த்தேன். இரும்பை ஒட்டி, மயிரிழை அளவுக்கு, செங்காவி. துரு ஏறாமல் இருக்கப் பவுண்டரியிலேயே அடித்து அனுப்புகிற ரெட் ஆக்ஸைடு, சாக்கைப் பிரித்த அன்றைக்கு என் விரலில் ஒட்டினது. "அது ஊத்தினவங்க அடிச்சு அனுப்பினதுங்க" என்றேன். அவர் நோட்டில் ஓரமாகக் குறித்துக்கொண்டார். முப்பத்தொன்றில் என் வீட்டுக்காரர் அடித்தது முப்பது போக, மீதம் ஒன்று.